கிழித்துக் கொடுத்த பக்கம்

எட்டுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாரி மட்டும் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

பருப்புச் சாதமும் முட்டைக்கோஸ் பொரியலும். வெளியே நல்ல மழை. தகரத்தில் விழுகிற சத்தத்தில் பிள்ளைகளின் பேச்சே கேட்கவில்லை. ஒற்றை அறை முழுக்க ஈரத்துணி வாடை.

"உக்காந்து சாப்பிடுட்டி," என்றேன்.

"நான் நின்னுக்கிடுதேன் அத்தை."

அவளுக்கு மூன்றரை வயது. அந்த வயதில் நிற்பேன், நடப்பேன், கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிடுவேன் என்று தினமும் ஒரு கூத்து நடக்கும். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த பெண்பிள்ளை, "பைட் ஜா நா," என்று ஹிந்தியில் உட்காரச் சொல்லி அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தது.

மாரி அழவில்லை. தட்டு சாய்ந்துவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூச்சை மட்டும் உள்ளே இழுத்தாள். சிணுங்குகிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வலியை விழுங்கத் தெரிந்த பிள்ளையைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

சாப்பாடு முடிந்ததும் கை கழுவிவிடுகிற சாக்கில் அவளை மோரிக்குக் கூட்டிப்போனேன். அறையின் மூலையில் குளிக்கவும் பாத்திரம் துலக்கவும் தடுப்புக் கட்டிய இடத்துக்கு இங்கே மோரி என்று பெயர். பாவாடையைத் தூக்கிப் பார்த்தேன். வலது தொடையின் பின்பக்கம் கரண்டிக் காம்பின் அகலத்தில் இரண்டு கோடுகள். ஒன்று காய்ந்து கறுத்திருந்தது. மற்றது நீர் கோத்திருந்தது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"மாமா சூடு வச்சிட்டாவ. பாயில மோண்டுட்டேன்." கொஞ்ச நேரம் கழித்து, "அழுதா இன்னொண்ணு வப்பாவ," என்றாள்.

ஏன் இதை எழுதுகிறேன்

மாரி அவளுடைய உண்மையான பெயர் இல்லை. அவள் அம்மாவின் பெயரையும் மற்றவர்கள் பெயரையும் மாற்றியிருக்கிறேன். என் பெயரை மட்டும் மாற்றவில்லை. செண்பகம்தான்.

இந்தத் தொடரில் இதுவரை பிள்ளைகளின் சேட்டைகளை எழுதினேன். இரட்டைப் பிள்ளைகள் என் வீட்டுக்காரரின் மூக்குக்கண்ணாடியைச் சோற்றுப் பானைக்குள் போட்டதை வாசித்துச் சிரித்ததாகச் சிலர் சொன்னீர்கள். இந்த வாரம் சிரிக்க ஒன்றும் இல்லை. இதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதிக்கொண்டு போனால் நான் பெரிய யோக்கியக்காரி என்று நீங்கள் நம்பிவிடுவீர்கள். அது எனக்கு உறுத்துகிறது.

மும்பை தாராவியில் பிள்ளை பார்க்கிற வீடு என்று கேட்டால் எங்கள் சந்தில் என் கதவைக் காட்டுவார்கள். காலை ஆறரைக்கே பிள்ளைகள் வந்துவிடும். அம்மாக்கள் மாட்டுங்காவில் வீட்டு வேலைக்கும், செம்பூரில் ஆபீஸ் கூட்டவும், பக்கத்துப் பட்டறைகளில் பை தைக்கவும் ஓடுவார்கள். மாரியின் அம்மா இசக்கி தையல் பட்டறையில் நூல் பிசிறு வெட்டினாள். புருஷன் விட்டுவிட்டுப் போனபின் அண்ணன் வேல்சாமியின் அறையில்தான் அவளும் பிள்ளையும் இருந்தார்கள். வேல்சாமிக்கு விக்ரோலியில் இரவுக் காவல் வேலை. குடும்பம் ஊரில். பகலில் அவர் தூங்க வேண்டும், பிள்ளை சத்தம் போடக்கூடாது. அதனால்தான் மாரி என்னிடம் வந்தாள்.

எனக்கும் ஒன்று இருக்கிறது

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கோடுகளைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. இவ்வளவுதானா என்ற நினைப்பு.

ஏனென்றால் என் இடது தொடையிலும் ஒன்று இருக்கிறது. ஏழு வயதுவரை பாயை நனைத்தேன். என் சித்தப்பா கரண்டியைக் காயவைத்து ஒரு இழுப்பு இழுத்தார். எங்கள் பக்கத்தில் அது வைத்தியம் மாதிரி. கல்யாண வீடுகளில் பெண்கள் கூடி உட்கார்ந்தால் யார் யாருக்கு எங்கெங்கே சூடு என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். நான் நன்றாக நடித்துக் காட்டுவேன். சித்தப்பா கரண்டியோடு துரத்துவதும் நான் கோழிக்கூட்டுக்குள் ஒளிவதும் என் பிரபலமான காட்சி.

அந்த மழைநாளில் மாரியின் தொடைக்கு ஈரத்துணி வைத்துக்கொண்டிருந்தபோது அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. இத்தனை வருஷம் எதைச் சொல்லிச் சிரித்தோம் என்று யோசித்தேன். சித்தப்பா என்னைத் துரத்தவே இல்லை. இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். கோழிக்கூடு நான் பிற்பாடு சேர்த்தது.

இருமல் மருந்து

பிள்ளை பார்ப்பதற்குப் படிப்பு உண்டு என்பதே எனக்கு வெகுநாள் தெரியாது. ஆரம்பத்தில் எல்லாரும் செய்ததையே நானும் செய்தேன். பிள்ளைகள் ஓயாமல் கத்தினால் மத்தியானம் ஆளுக்கு அரை மூடி இருமல் மருந்து. இரண்டு மணி நேரம் அசையாமல் தூங்கும். அந்த நேரத்தில் நான் துணி துவைத்து, அரிசி புடைத்து, ஒரு தூக்கமும் போடுவேன். அம்மாக்களுக்கும் தெரியும். பிள்ளை அமைதியாக இருக்கிறது என்று என்னைப் பாராட்டுவார்கள்.

ஒருநாள் ஒரு கைக்குழந்தையை எழுப்ப முடியவில்லை. முகத்தில் தண்ணீர் தெளித்து, உள்ளங்காலைத் தேய்த்து, தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடி, வாசலில் அது கண்ணைத் திறந்தது. டாக்டர் என்ன கொடுத்தாய் என்று கேட்டார். ஒன்றும் கொடுக்கவில்லை என்றேன். அப்படியே பச்சைப் பொய்.

அதற்குப் பிறகுதான் நாக்காவில், அந்த முச்சந்தியில், ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய வகுப்புக்குப் போனேன். பயந்துபோய்த்தான் போனேன், அறிவு வந்து இல்லை.

சீதா மேடத்தின் புத்தகம்

வகுப்பு எடுத்தவர் மாட்டுங்காவிலிருந்து வருகிற சீதா மேடம். பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். பருத்திப் புடவை, தோளில் ஜோல்னாப் பை, வியர்வை துடைக்க ஒரு சின்னத் துவாலை. தாராவி வாசனைக்கு மூக்கைப் பொத்தாத மாட்டுங்கா மாமியை நான் அப்போதுதான் பார்த்தேன்.

கையேட்டை அவரே தமிழில் எழுதியிருந்தார். "ஐயம் எழும் தருணங்களில் பராமரிப்பாளர் கடைப்பிடிக்க வேண்டியவை" என்று ஒரு அத்தியாயம். நாங்கள் பத்துப் பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்தே தட்டுத்தடுமாறித்தான் வரும். இதில் ஐயம் எங்கே எழுவது.

"மேடம், எங்க தமிழ்ல சொல்லுங்க," என்று நான்தான் கேட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சரி, எழுதிக்கவேண்டாம், கேட்டுக்கோங்கோ," என்று புத்தகத்தை மூடினார். தண்ணி டிரம்முக்கு மூடி போட்டு மேலே கல் வைக்க வேண்டும். தூங்க மருந்து கூடவே கூடாது. யாரிடம் பிள்ளையை ஒப்படைக்கலாம் என்று அம்மாவிடம் முன்னாலேயே எழுதி வாங்க வேண்டும். பிள்ளை வந்ததும் உடம்பைப் பார்க்க வேண்டும்.

"ஒரு காயம் இருந்தா, கொழந்தையைத் துருவித் துருவிக் கேக்கப்படாது. அது என்ன வார்த்தை சொல்றதோ அதே வார்த்தையை அன்னிக்கே நோட்டுல எழுதணும். யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு கொழந்தைக்குச் சத்தியம் பண்ணப்படாது. கொழந்தைகளுக்கான உதவி நம்பருக்கு ஃபோன் பண்ணணும். மொதல்ல அங்க. மத்த எல்லாரும் அப்புறம்."

அந்த "மொதல்ல அங்க" என்பதை இரண்டு தடவை சொன்னார். நான் தலையாட்டினேன். வகுப்பில் நல்ல மாணவி என்று பெயர் வேறு வாங்கினேன்.

நோட்டில் எழுதினேன்

மாரி சொன்னதை அன்றைக்கே எழுதினேன். தேதி, நேரம், எந்தக் கால், எத்தனை கோடு. "மாமா சூடு வச்சிட்டாவ. பாயில மோண்டுட்டேன். அழுதா இன்னொண்ணு வப்பாவ." என் கையெழுத்தை நானே மெச்சிக்கொள்ளும் அளவுக்கு அழகாக எழுதினேன்.

உதவி எண் சுவரில் ஒட்டியிருந்தது. சாயங்காலம்வரை ஏழெட்டுத் தடவை அதைப் பார்த்தேன். ஃபோனை எடுக்கவில்லை.

ஆறு மணிக்கு இசக்கி வந்தாள். தலைமுடியெல்லாம் நூல் பிசிறு. தடுப்புக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சொன்னேன். அவளுக்குத் தெரிந்திருந்தது.

"எக்கா, யார்ட்டயும் சொல்லிராதிய. அண்ணன் வெளிய போன்னு சொல்லிட்டா நான் இவளத் தூக்கிக்கிட்டு எங்க போவேன்? ஊர்லயும் ஆளில்ல."

"அதுக்காகப் பிள்ளையச் சுட விடுவியா?"

"அவிய கெட்டவிய இல்லக்கா. ராத்திரியெல்லாம் முழிக்காவல்லா, கோவம் வந்துருது."

போலீஸ் வந்தால் இவள் தெருவில் நிற்பாள். என் வாசலுக்குப் போலீஸ் வந்தது என்று தெரிந்தால் நாளைக்கு ஒரு பிள்ளையும் வராது. இதெல்லாம் யோசித்தேன். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. வேல்சாமியும் இசக்கியும் நானும் ஒரே ஊர்க்காரர்கள். தாராவியில் எங்கள் ஊருக்கு ஒரு சங்கம் இருக்கிறது. யாராவது செத்தால் தூக்குவதற்கு ஆள், புருஷன் பெண்டாட்டி சண்டைக்குப் பஞ்சாயத்து, அறை பிடிக்க ஜாமீன், எல்லாம் சங்கம்தான். என் அறையே சங்கம் சொல்லித்தான் கிடைத்தது. ஊர்க்காரன் மேல் வெளியாளிடம் புகார் கொடுப்பது எங்களுக்குச் சோற்றில் மண்ணைப் போடுகிற மாதிரி. அப்படித்தான் வளர்ந்திருக்கிறோம்.

சங்கத்திடம் போனால் பிள்ளையும் தப்பிக்கும், இசக்கியும் தெருவுக்கு வரமாட்டாள் என்று கணக்குப் போட்டேன். என்னைவிடப் புத்திசாலி கிடையாது என்று அப்போது நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை

சங்கம் கூடுவது ஒரு மளிகைக் கடையின் மாடியில். சாமி படம், குழல்விளக்கு, மடக்கு நாற்காலிகள். செயலாளர் பரமசிவம் அண்ணாச்சி நோட்டை வாங்கி அந்தப் பக்கத்தை வாய்க்குள் வாசித்தார். முகம் சுருங்கியது. நல்ல மனுஷன்தான். அவருக்குப் பேத்திகள் இருந்தார்கள்.

வேல்சாமியைக் கூப்பிட்டுவிட்டார்கள். குளித்து, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு வந்தார். அண்ணாச்சி, "இவ எழுதி வச்சிருக்கது நெசமாடே?" என்று நோட்டை அவர் முன்னாலேயே நீட்டினார். வேல்சாமி மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, தப்புதான், இனிமேல் கைவைக்க மாட்டேன் என்றார். தட்டில் சூடம் ஏற்றினார்கள். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார். எங்கள் ஆட்களுக்கு அதற்கு மேல் கோர்ட் கிடையாது.

"முடிஞ்சிது. போலீஸு, வம்பு, லப்டால்லாம் நமக்கு எதுக்கும்மா," என்றார் அண்ணாச்சி. "அந்தப் பக்கத்தக் கிழிச்சிரு. நாளைக்கு யார் கையிலயாவது கெடச்சா ஊருக்குத்தான் கேவலம்."

நான் கிழித்தேன். யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. நானே கிழித்து, மடித்து, அவரிடம் கொடுத்தேன். அவர் அதைச் சூடத் தட்டில் போட்டார்.

வேல்சாமி என்னைப் பார்த்துக் கும்பிட்டார். வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு ஒரே பெருமை. ஃபோன் இல்லை, போலீஸ் இல்லை, ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன். அன்றைக்கு ரவைக்கேசரி கிளறினேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

வரவில்லை

திங்கட்கிழமை மாரி வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று விட்டேன். செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை மற்றப் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். இசக்கி வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"அண்ணன் இனி அங்க விடவேண்டாம்னுட்டாவ. வீட்டுலயே இருக்கட்டும்னு சொல்லுதாவ."

"பகல்ல யாரு பாக்கா?"

"அவியதான்."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே பாயில் மாரி உட்கார்ந்திருந்தது தெரிந்தது. கூப்பிட்டேன். அவள் திரும்பி, மாமா படுத்திருந்த பக்கம் பார்த்தாள். எழுந்து வரவில்லை.

அந்தப் பிள்ளையின் உடம்பைத் தினமும் பார்க்கிற ஒரே வெளியாள் நான்தான். நான் பார்ப்பதையும் நானே நிறுத்திவிட்டேன் என்பது வாசலில் நின்றபோதுதான் உறைத்தது. திரும்பவும் அண்ணாச்சியிடம் போனேன். சத்தியம் பண்ணினவனைச் சந்தேகப்படக் கூடாது, கொஞ்சம் பொறு என்றார். பொறுத்தேன். ஒருநாள் சீதா மேடத்தின் நம்பரை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். பக்கத்தைக் கிழித்ததை எந்த வாயால் சொல்வது. என் வெட்கம் எனக்குப் பெரிதாக இருந்தது.

மூன்று வாரம் இருக்கும். பட்டறையில் இருந்து ஒரு பெண் ஓடிவந்து, இசக்கி பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்றாள்.

இந்த முறை தொடையில் இல்லை. வாயில். எங்கள் வீடுகளில் பிள்ளைகள் பொய் சொன்னால், எதிர்த்துப் பேசினால், வாயில் சூடு போட்டுவிடுவேன் என்று சொல்லாதவர்கள் கிடையாது. நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். யாரும் செய்வதில்லை. வேல்சாமி செய்தார். வெளியே போய்ச் சொன்னாயே, இனிமேல் சொல்வாயா என்று கேட்டுவிட்டுச் செய்திருக்கிறார்.

நோட்டைக் கொடுக்கும்போது யார் கையில் கொடுக்கிறோம் என்று யோசித்திருக்க வேண்டும். நோட்டையே அந்த ஆள் கண்ணுக்கு முன்னால் நீட்டவிட்டேன். பிள்ளை சொன்ன வார்த்தையை எழுத்துக்கு எழுத்து அவர் வாசித்தார்.

என்னைக் கேட்டார்கள்

ஆஸ்பத்திரியிலிருந்தே போலீசுக்குத் தகவல் போய்விட்டது. வேல்சாமியைப் பிடித்தார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. விசாரணைக்கு வந்த பெண் அதிகாரி என்னிடம், முன்னாலேயே காயம் பார்த்தீர்களா, எழுதி வைத்தீர்களா என்று கேட்டார். எழுதினேன், கிழித்துவிட்டேன் என்றேன். அவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சீதா மேடம் வந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துவாலையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மொதல்ல அங்கன்னு ரெண்டு தரம் சொன்னேனே செண்பகம்."

"சொன்னிய மேடம்."

"எனக்கு உங்க சங்கத்தைப் பத்தி எதுவுமே தெரியாது. அதைக் கேட்டுண்டுன்னா சொல்லித் தந்திருக்கணும்," என்றார். பழியில் பாதியைத் தான் எடுத்துக்கொள்ளப் பார்த்தார். நான் கொடுக்கவில்லை.

இப்போது புதிதாகப் பிள்ளை பார்க்க வருகிற பெண்களுக்கு அந்த வகுப்பில் ஒருமணி நேரம் நான் பேசுகிறேன். ஊர்ச்சங்கம், சாதிச்சங்கம், கோயில் தர்மகர்த்தா, வீட்டுக்கார அண்ணாச்சி, யாரிடமும் முதலில் போகாதீர்கள் என்கிறேன். செய்தவன் காதுக்கு எட்டுவதற்கு முன்னால் ஃபோன் போக வேண்டும். எழுதியதைச் சாமியே வந்து கேட்டாலும் கொடுக்காதீர்கள் என்கிறேன். பிறகு நான் கிழித்த கதையைச் சொல்கிறேன். முதல் வகுப்பில் இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். அவர்கள் எங்கள் ஊர்.

இல்லத்தில்

மாரி இப்போது ஒரு குழந்தைகள் இல்லத்தில் இருக்கிறாள். ரயில் மாறிப் போக வேண்டிய தூரம். இசக்கி சுனாபட்டியில் ஒரு வீட்டில் தங்கி வேலை பார்க்கிறாள். தனி இடம் கிடைத்ததும் பிள்ளையைக் கேட்டு மனுப் போடுவாள். அனுமதி வாங்கி ஒரு தடவை என்னையும் கூட்டிப்போனாள்.

கூடத்தில் பாய் விரித்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். மாரி வளர்ந்திருந்தாள். கீழுதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. அம்மா மடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். என்னைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்தது என்று கண்ணிலேயே தெரிந்தது. அத்தை என்று கூப்பிடவில்லை.

அங்கே இருந்த குட்டி ஒன்று, மூன்று வயது இருக்கலாம், என்னிடம் ஒட்டிக்கொண்டது. என் வளையலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, தன் சட்டைக் கையை மேலே சுருட்டத் தொடங்கியது. எதையோ காட்ட வேண்டும், எதையோ சொல்ல வேண்டும் அதற்கு. நான் குனிந்தேன்.

மாரி அம்மா மடியிலிருந்து இறங்கி வந்தாள். அந்தக் குட்டியின் சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டு, அதன் கையைப் பிடித்துத் தன் பக்கம் கூட்டிக்கொண்டாள். இப்போது அவளுக்கு ஹிந்திதான் சரளமாக வருகிறது. ரகசியம் மாதிரி இல்லாமல், எனக்கும் கேட்கிற குரலில் அந்த ஹிந்தியில்தான் சொன்னாள்.

"இந்த ஆண்ட்டிகிட்ட ஒண்ணும் சொல்லாத. மாமாகிட்ட சொல்லிடுவாங்க."

இசக்கி பதறிப்போய் அவளை அதட்டினாள். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அந்தக் குட்டிக்கு அவள் சரியாகத்தான் சொல்லிக்கொடுத்தாள்.